எல்லை தாண்டும் குழாயா, எண்ணூரில் இறங்கும் கப்பலா?

முதலிலேயே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாட்டின் மண்ணைக் கடந்து வரும் எரிவாயுக் குழாய், திரவமாகக் கப்பலில் வந்து எண்ணூரில் இறங்கும் எல்என்ஜி, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் கப்பலைத்தான் எடுப்பேன். விலை சற்றுக் கூடினாலும் சரி. ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். குழாயின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் விட்டுவிடப் போவதில்லை. அதில் உண்மையான பலம் இருக்கிறது.

அப்பளத் தொழில் நடத்துகிறவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மதுரையில் அனுப்பானடி, சிந்தாமணிப் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் எங்கள் வேலையைச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் உலர்த்தும் அறையைச் சூடேற்றியே ஆக வேண்டும். முன்பு சீமைக்கருவேல விறகு, பிறகு வணிக சிலிண்டர். பழைய சூட்டுக்காற்று அடுப்பை மாற்றும் நேரம் வந்தபோது பர்னர் விற்பவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அண்ணே, அடுத்த பத்து வருஷம் எந்த கேஸ்ல ஓட்டப் போறீங்க? அதைச் சொன்னாத்தான் மாடல் சொல்ல முடியும்.” அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான், நம் ஊருக்கு வரும் எரிவாயு எங்கிருந்து, யார் யார் கை மாறி வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். தொழிலில் கூட்டாளியான என் மைத்துனர் அப்போதும் இப்போதும் குழாய்க் கட்சி. “மச்சான், துர்க்மெனிஸ்தான்ல மண்ணுக்கடியில அவ்வளவு கேஸ் கெடக்கு. ஒரு தடவை குழாயைப் போட்டுட்டா முப்பது வருஷத்துக்குக் கவலை இல்லை” என்பார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

விறகு, பர்னஸ் ஆயிலைவிட எரிவாயு சுத்தமானது, புகை குறைவு, சூட்டைக் கட்டுப்படுத்துவது எளிது. இதில் யாருக்கும் சண்டை இல்லை என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன். இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. மொத்த எரிசக்தியில் எரிவாயுவின் பங்கு இப்போது 6 சதவீதம் அளவில்தான் இருக்கிறது; அதை 2030க்குள் 15 சதவீதமாக்குவது அரசின் இலக்கு. ஆகவே வாங்குவது கூடத்தான் போகிறது. எந்த வழியில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

குழாயின் பக்கம் பெரிய பெயர் டாபி. துர்க்மெனிஸ்தானின் கல்கினிஷ் வயலில் புறப்பட்டு, ஆப்கானிஸ்தானில் ஹெராத், கந்தஹார் வழியாகவும் பாகிஸ்தானில் குவெட்டா, முல்தான் வழியாகவும் வந்து பஞ்சாபின் பாசில்காவில் முடிய வேண்டிய குழாய் அது. நீளம் சுமார் 1,800 கிலோமீட்டர். 2015 டிசம்பரில் துர்க்மெனிஸ்தானின் மாரி நகருக்கு அருகே நடந்த தொடக்க விழாவில் நம் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரியும் கலந்துகொண்டார். அதற்கு முன்பே பேசப்பட்டது ஈரான்–பாகிஸ்தான்–இந்தியா குழாய். ‘அமைதிக் குழாய்’ என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். விலையும் பாதுகாப்பும் ஒத்துவராமல் 2009 வாக்கில் இந்தியா விலகிக்கொண்டது. கிழக்கில் மியான்மரிலிருந்து வங்கதேசம் வழியாக ஒரு குழாய் வரும் என்றார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது, மியான்மர் தன் வாயுவைச் சீனாவுக்கு விற்றது, 2013இல் அது யுன்னானுக்குப் பாயத் தொடங்கிவிட்டது.

கப்பலின் பக்கம் விஷயம் எளிது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். அதைக் கப்பலில் ஏற்றி, இறக்கும் துறையில் மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். குஜராத்தின் தகேஜில் 2004 முதல் இது நடக்கிறது. நமக்கு அருகே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் முனையம் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது.

கணக்கில் குழாய்தான் ஜெயிக்கும். இதை மறைக்க முடியாது. வாயுவைத் திரவமாக்கும் ஆலைக்கே அந்த வாயுவில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். சிறப்புக் கப்பல் வேண்டும், இறக்குமிடத்தில் மறுபடி சூடாக்க வேண்டும். தரைவழிக் குழாய்க்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் பொதுவாகக் குழாய்க்குத்தான் செலவு குறைவு. டாபி அந்த தூரத்துக்குள்தான் வருகிறது. அளவையும் பாருங்கள். டாபி திட்டப்படி இந்தியாவின் பங்கு நாளொன்றுக்கு 3.8 கோடி கன மீட்டர். எண்ணூர் முனையம் முழு வீச்சில் ஓடினாலும் நாளுக்குச் சுமார் 1.8 கோடி கன மீட்டர்தான் தர முடியும். அதாவது இரண்டு எண்ணூருக்கு ஒரு டாபி சமம். பாசில்காவில் இறங்கும் வாயு மதுரை வரை வந்து சேரவும் வேண்டாம். வடக்கின் தேவையை அது தீர்த்தாலே, அந்த அளவுக்குக் கப்பல் வாயு தெற்குக்கு மிச்சமாகும். மைத்துனர் சொல்வது இதைத்தான். இந்த இடம் வரை அவர் சொல்வது சரி.

நான் அவரிடமிருந்து பிரிவது ஒரே இடத்தில். வாயு ஊறும் கிணற்றுக்கும் நம் அடுப்புக்கும் நடுவே எத்தனை பேர் வால்வில் கை வைத்திருக்கிறார்கள்? அதில் ஒருவர் மூடிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாம் குடிப்பதும் விவசாயம் பார்ப்பதும் அடுத்த மாநிலத்தில் தேங்கும் தண்ணீரால். 1886இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். காகிதத்தில் இதைவிட உறுதியான ஒப்பந்தம் இருக்க முடியுமா? 1979இல் அணையின் பலம் பற்றிச் சந்தேகம் எழுந்து நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். உடனே கேரளம் தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதை ரத்து செய்து 142 அடியை அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது 2014 மே மாதம். முப்பத்தைந்து வருஷம். அவ்வளவு நாளும் மேலூர் கடைமடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேரளத்துக்காரர்களின் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. அணைக்குக் கீழே வீடு இருக்கிறவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். இரண்டு தரப்பும் ஒரே நாடு, இரண்டுக்கும் மேலே ஒரே உச்ச நீதிமன்றம், அப்படியிருந்தும் இத்தனை காலம் ஆனது என்பதைத்தான் சொல்கிறேன். கந்தஹாருக்கும் குவெட்டாவுக்கும் நடுவே குழாய் அடைக்கப்பட்டால் எந்தப் படியேறி வழக்குப் போடுவது?

டாபியின் 1,800 கிலோமீட்டரில் சுமார் 1,600 கிலோமீட்டர் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இருக்கிறது. குழாய் அங்கே போவதால் அந்த நாடுகளுக்கும் வாயு கிடைக்கும், கடவுக் கட்டணம் கிடைக்கும், ஆகவே அவர்களே அதைக் காப்பார்கள் என்பது குழாய் ஆதரவாளர்களின் வாதம். நல்ல வாதம்தான். வருமானத்தை யாரும் தாமே கெடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஆனால் நாடுகள் அப்படி நடந்துகொள்ளாத சம்பவங்கள் ஏராளம். அல்ஜீரியா தன் வாயுவை மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்கு 1996 முதல் அனுப்பிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் இரு நாடுகளும் முறைத்துக்கொண்டன. அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் அல்ஜீரியா அந்தக் குழாயை மூடிவிட்டது. கட்டணம் போனது, மொராக்கோவின் மின் நிலையங்களுக்குப் போன வாயுவும் போனது. கோபத்துக்கு முன்னால் லாபக் கணக்கு நிற்கவில்லை. ரஷ்யா–உக்ரைன் தகராறில் 2006 ஜனவரியிலும் 2009 ஜனவரியிலும் நடுக்குளிரில் ஐரோப்பாவுக்குப் போன வாயு தடைபட்டது. அந்த உக்ரைன் வழி 2025 ஜனவரி 1 அன்று மூடப்பட்டே விட்டது. துர்க்மெனிஸ்தானே கூட, பாக்கித் தகராறில் 2017 ஜனவரி 1 அன்று பக்கத்து நாடான ஈரானுக்கு வாயுவை நிறுத்தியிருக்கிறது. அங்கே நடுவில் நாடே கிடையாது. நேருக்கு நேர் விற்பவர், வாங்குபவர்.

வால்வு மூடப்பட்ட மறுநாள் என்ன செய்ய முடியும் என்பதில்தான் இரண்டு வழிகளுக்கும் இருக்கும் வித்தியாசம் முழுதாகத் தெரிகிறது. தரையில் புதைத்த குழாயைத் தூக்கி வேறு கிணற்றில் சொருக முடியாது. போட்ட முதலீடு மண்ணுக்குள் போனதுதான். கப்பல் அப்படி இல்லை. கத்தாரிலிருந்து வராவிட்டால் அமெரிக்காவிலிருந்து வாங்கலாம், ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கலாம், ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் வாங்கலாம். விலை கூடும், தாமதம் ஆகும், ஆனால் கதவு திறந்திருக்கும். மேலே சொன்ன மொராக்கோவே சாட்சி. 2022 ஜூனிலிருந்து அதே குழாயில் வாயு எதிர்த் திசையில் ஓடுகிறது. உலகச் சந்தையில் மொராக்கோ வாங்கும் எல்என்ஜியை ஸ்பெயினின் முனையங்கள் வாயுவாக்கிக் கொடுக்கின்றன. குழாயைக் காப்பாற்றியதே கப்பல்தான். ஒரு எல்என்ஜி முனையம்கூட இல்லாதிருந்த ஜெர்மனி, ரஷ்யக் குழாய் கைவிட்ட 2022ஆம் ஆண்டு முடிவதற்குள் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் மிதக்கும் முனையம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரஷ்யாவை மட்டுமே நம்பியிருந்த குட்டி நாடான லிதுவேனியா 2014இல் ஒரு மிதக்கும் முனையக் கப்பலைக் கொண்டுவந்தது. அது கரைக்கு வந்து சேருவதற்கு முன்பே ரஷ்ய நிறுவனம் விலையைக் குறைத்துக் கொடுத்தது.

இந்தியாவுக்கும் அப்படி நடந்திருக்கிறது. 1999இல் கத்தாரோடு நம் எல்என்ஜி இறக்குமதி நிறுவனமான பெட்ரோநெட் போட்ட இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 2015இல் உலகச் சந்தையில் விலை சரிந்தது. நாம் குறைவாக எடுத்தோம். கத்தார் அந்த ஆண்டுக்கான அபராதத்தைத் தள்ளுபடி செய்து, விலையையும் ஏறத்தாழப் பாதியாக்கியது. நம் மேல் உள்ள பிரியம் மட்டும் காரணம் இல்லை. வாங்க வேறு கடை இருந்தது. குழாயின் நுனியில் மட்டும் நின்றுகொண்டு அந்தப் பேரத்தைப் பேசியிருக்க முடியாது.

எல்லாக் குழாயும் கெடுதல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலடியில், ரஷ்யாவிலிருந்து நேராக ஜெர்மனிக்குப் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தன. மறுநாளே அதே கடல் வழியாக நார்வே வாயுவை டென்மார்க் கடந்து போலந்துக்குக் கொண்டுபோகும் பால்டிக் குழாயின் தொடக்க விழா நடந்தது. ஆண்டுக்கு 1,000 கோடி கன மீட்டர். அதிலும் நடுவில் ஒரு நாடு இருக்கிறது. ஆனால் டென்மார்க்கும் போலந்தும் ஒரே ஐரோப்பியச் சட்டத்துக்குள் இருப்பவை. தகராறு வந்தால் போய் நிற்க நீதிமன்றம் உண்டு. போலந்தோ அதற்கு முன்பே தன் கரையில் எல்என்ஜி முனையம் கட்டி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டாவது கதவாகத்தான் இந்தக் குழாயைப் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ரஷ்யா வாயுவை நிறுத்தியபோது போலந்து தவித்துப் போகாததற்கு அந்த முனையமும் காரணம்.

கப்பல் வழியின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். 2022இல் ஐரோப்பா எல்லாக் கப்பலையும் கூடுதல் விலைக்கு இழுத்துக்கொண்டது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் எல்என்ஜிக்கு டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை சொல்ல வரவில்லை. ஊர் ஊராக மின்வெட்டு. கப்பல் காசு இருக்கும் பக்கம் திரும்பும். அதுதான் அதன் பலம், நம்மிடம் காசு இல்லாத நாளில் அதுவே ஆபத்து. நம் அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலுக்கும் அந்த ஆண்டு அடி விழுந்தது. ரஷ்ய நிறுவனத்தின் ஜெர்மன் கிளையை ஜெர்மனி அரசு எடுத்துக்கொண்டதும், நீண்ட கால ஒப்பந்தப்படி கெயிலுக்கு வர வேண்டிய கப்பல்கள் நின்றன. கத்தாரின் கப்பல் ஒவ்வொன்றும் ஹோர்முஸ் என்ற குறுகிய நீரிணையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அங்கே சண்டை மூண்டால் நமக்குத்தான் முதல் வலி. சிலிண்டரில் அடைக்கும் எல்பிஜியும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தே வருவதால், சிலிண்டரில் ஓட்டுகிறவரும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஆகவே கப்பல் என்று நான் சொன்னால், ஒரே நாட்டிடம் வாங்கும் கப்பலைச் சொல்லவில்லை. நீண்ட கால ஒப்பந்தம் பெரும்பகுதி, அதுவும் இரண்டு மூன்று கண்டங்களிலிருந்து. மிச்சம் அன்றைய சந்தையில். 2024 பிப்ரவரியில் கத்தார் ஒப்பந்தத்தை 2028க்குப் பிறகு இன்னும் இருபது ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 75 லட்சம் டன். நல்ல காரியம். அமெரிக்க வாயு 2018இலிருந்தே கெயில் மூலம் வருகிறது. அந்தப் பக்கத்தை இன்னும் கூட்ட வேண்டும்.

என் சொந்த முடிவும் இந்த யோசனையில்தான் முடிந்தது. ஒரே வாயுவில் ஓடும் பர்னர் விலை குறைவு. நான் எடுத்தது எல்பிஜி, இயற்கை எரிவாயு இரண்டிலும் ஓடக்கூடியது. எல்பிஜியின் சூடு, கன மீட்டர் கணக்கில் இயற்கை எரிவாயுவைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. அதனால் நாசில் துளையும் அழுத்தமும் மாறும், பர்னருக்கு வாயுவைக் கொண்டுவரும் வால்வுத் தொகுதியான கேஸ் ட்ரெயினும் தனியாக வேண்டும். அதற்குத்தான் கூடுதல் காசு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் அடுப்புக்கு இது அதிகம் என்று மைத்துனர் வருத்தப்பட்டார். பன்னிரண்டு மாதமும் இரண்டு ஷிப்ட் ஓட்டும் சாயப்பட்டறைக்கோ ரப்பர் கம்பெனிக்கோ கணக்கு வேறாக வரலாம். அந்தத் தொழில்களில் எனக்குப் பழக்கம் இல்லை, அவர்கள்தான் சொல்ல வேண்டும். மழை நேரத்தில் மாவு பிசைந்து, தேய்த்து, வட்டம் வெட்டி அடுக்கி வைத்த பிறகு எரிபொருள் நின்றால் அன்றைய சரக்கு முழுவதும் பூஞ்சை. அந்த ஒரு நாளைத் தவிர்க்கக் கொடுத்த விலையாகத்தான் அந்தக் கூடுதல் தொகையை நான் பார்க்கிறேன்.

கப்பல் வந்துவிட்டால் போதுமா? கொச்சியைப் பாருங்கள். 2013இலேயே எண்ணூர் அளவுக்கு முனையம் கட்டிவிட்டார்கள். வாயுவை உள்ளே கொண்டுபோகக் குழாய் இல்லை. 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரியில் திறக்கும் வரை அந்த முனையம் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. அதன் தமிழ்நாட்டுக் கிளை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டத்தில் 310 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் மாநில அரசு சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பு சொன்னது.

அந்த விவசாயிகள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. குழாய் பதிப்பதற்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி. குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. மிளகாயும் கம்பும் போடலாம். சாயல்குடிப் பக்கம் பனையை நம்பி வாழ்கிறவர்களிடம் மரம் நடக் கூடாது என்றால் அது தலைமுறைக்கான தடை. 2014 ஜூனில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை, குழாய் தங்கள் நிலத்தில் போகும் குடும்பங்கள் மறக்கவா முடியும்? உள்நாட்டுக் குழாய் வேண்டும் என்று வாதாடுகிற என்னைப் போன்றவர்கள்தான் அந்த 10 சதவீதத்தை உயர்த்தச் சொல்லி முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குழாயின் பெயர் எண்ணூர்–திருவள்ளூர்–பெங்களூரு–புதுச்சேரி–நாகப்பட்டினம்–மதுரை–தூத்துக்குடி. ராமநாதபுரம்–தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியிலும், செங்கல்பட்டு முதல் சாயல்குடி வரை 488 கிலோமீட்டர் 2024 ஜனவரியிலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. எனக்கு இதில் பெரிய நிம்மதி தருவது, ராமநாதபுரம் மண்ணிலேயே எடுக்கும் வாயுவும் எண்ணூர்க் கப்பல் வாயுவும் ஒரே வலையில் சேரலாம் என்பது. கதவு இரண்டு என்று நான் சொல்வதன் உள்ளூர் வடிவம் இதுதான். சிறு தொழிலுக்கு இன்னொரு தடை வரி. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வணிக எல்பிஜிக்குக் கட்டும் ஜிஎஸ்டியை, வரி உள்ள சரக்கை விற்கும் தொழில்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. எரிவாயுவின் வாட் வரி அப்படியே செலவில் ஏறும். வாசல் வரை குழாய் வந்த பிறகும் பலர் சிலிண்டரிலேயே நிற்பதற்கு இது போதும்.

ஓமனிலிருந்து குஜராத்துக்கு அரபிக்கடலின் அடியில் நேராக ஒரு குழாய் என்ற யோசனையும் பல காலமாக இருக்கிறது. நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 3,400 மீட்டருக்கு மேல். நடுவில் நாடே இல்லை என்பதால் என் முக்கியமான ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது. கருங்கடலில் போட்டிருக்கும் குழாய்களின் ஆழம் 2,200 மீட்டர் அளவு. இது அதையும் விட ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழே. அங்கே பழுது பார்க்கும் செலவைக் கணிக்க என் அறிவு போதாது. நார்ட் ஸ்ட்ரீமும் நடுவில் நாடு இல்லாத குழாய்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

எல்லை தாண்டும் குழாய் ஒன்றுக்கு நான் மனதாரச் சரி சொல்வேன். அது நம் கரையிலிருந்து இலங்கைக்குப் போவது. 2023 ஜூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெட்ரோலியப் பொருள் குழாய் அமைப்பது பற்றி ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். எரிவாயுவைப் பொறுத்தவரை, கொச்சியிலிருந்து கன்டெய்னர்களில் எல்என்ஜி அனுப்பும் ஏற்பாடு பேசப்பட்டிருக்கிறது. மன்னார்ப் படுகையில் 2011இல் இலங்கைப் பக்கம் வாயு கண்டுபிடித்தார்கள். அது இன்னும் வெளியே வரவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நம் குழாய் ஏற்கெனவே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. நடுவே மூன்றாவது நாடு கிடையாது. இன்று இங்கிருந்து அங்கே வாயு போகலாம். மன்னாரில் உற்பத்தி தொடங்கினால் அதே குழாயில் அங்கிருந்து இங்கே வரலாம். இரு திசையிலும் ஓடக்கூடிய குழாய் யாருக்கும் கழுத்துச் சுருக்கு ஆகாது.

ஆனால் கொழும்பில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த வால்வில் இருப்பது நம் கை. நாம் பாசில்காவில் எதற்குப் பயப்படுகிறோமோ, அதே பயம் அவர்களுக்கும் வரத்தான் செய்யும். அதனால் தங்களுக்கென்று எல்என்ஜி இறக்கும் வசதி அமைக்கும் யோசனையை இலங்கை கைவிடாமல் வைத்துக்கொள்வதுதான் முறை. அதைக் கைவிடச் சொல்லி நாம் நிபந்தனை வைக்கவும் கூடாது. குழாய் போகும் தடத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், 1986இல் அறிவித்த கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. பவளத்தின் மேல் பள்ளம் தோண்டாமல் கடலடிக்கும் கீழே துளையிட்டுப் போகும் முறையைத்தான் கேட்க வேண்டும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வலை விரிக்கிறவர்களை, கோடு போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேச வேண்டும்.